குமரி மாவட்டத்துல உக்காந்து தொழிலாளர் உரிமை பத்தி புராஜெக்ட் பண்றவங்களுக்கு: எங்க தேடணும், எப்படி தேடணும், முழு வழிகாட்டி

நம்ம மாவட்டத்துல எம்ஏ, எம்காம், எம்எஸ்டபிள்யூ, பிஎல்னு எது படிச்சாலும் கடைசி வருஷம் புராஜெக்ட்னு வந்தா பாதிப் பேரு எடுக்கறது ஒரே மாதிரி தலைப்பாக்கும். "கன்னியாகுமரி மாவட்ட முந்திரி ஆலைத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை, ஓர் ஆய்வு". முந்திரி இல்லன்னா ரப்பர், ரப்பர் இல்லன்னா மீனவர். தலைப்புல ஒண்ணும் தப்பில்ல மக்கா, ஆனா 100 பேருகிட்ட கேள்வித்தாள் கொடுத்து வயசு எத்தனை, சொந்த வீடா வாடகை வீடா, எத்தனாம் கிளாஸ்னு கேட்டு சதவீதம் போட்டு பை சார்ட் வரைஞ்சு பைண்டிங்குக்கு கொடுத்துருதாங்க. முன்னுரையில உரிமை உரிமைன்னு இருக்கும், உள்ள ஒரு சட்டத்தோட பேரு கூட உருப்படியா இருக்காது.

தேடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கிடுங்க. ஒரே தொழிலாளியை ஒவ்வொரு ஆபீசும் ஒவ்வொரு விதமா எண்ணுது. சட்டத்துக்கு ஒரு கணக்கு, சென்சஸுக்கு ஒரு கணக்கு, பிஎஃப் ஆபீசுக்கு ஒரு கணக்கு, நலவாரியத்துக்கு வேற கணக்கு. இந்த கணக்குங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாத இடம் எதுவோ அங்கதான் உங்க புராஜெக்ட் கிடக்கு. கீழ சொல்லுத எல்லாமே அந்த இடத்தை கண்டுபிடிக்கத்தான்.

முதல் படி: கேள்வியை சின்னதாக்குங்க

"முந்திரி தொழிலாளர் நிலை"ங்கறது கேள்வியே இல்ல. அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஆலையில, வறுக்கறது, உடைக்கறது, தோல் உரிக்கறது, தரம் பிரிக்கறதுன்னு வேலை பிரிஞ்சு கிடக்கு, உடைக்கறதுக்கும் உரிக்கறதுக்கும் பெரும்பாலும் கிலோ கணக்குல கூலி, அதை செய்யறது பெரும்பாலும் பொம்பளைங்க. அப்போ "கிலோ கணக்குல கூலி வாங்குறவங்களுக்கு ஒரு நாள் கையில வர்றது, அரசு அறிவிச்ச குறைந்தபட்ச கூலியை எட்டுதா"ன்னு கேட்டா அது கேள்வி. பதில் தேட ஒரு அரசாணை வேணும், ஒரு கூலிச் சீட்டு வேணும், கொஞ்சம் பேருகிட்ட பேச்சு வேணும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு சொல்லுதேன். ஜவுளிக்கடையில நிக்கற பிள்ளைங்க உக்காரலாம்னு தமிழ்நாட்டுல சட்டமே இருக்கு. 1947ம் வருஷ தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 2021ல திருத்தம் கொண்டுவந்து 22-ஏ பிரிவா சேர்த்தாங்க, கேரளாவுல அதுக்கு முன்னாடியே 2018ல வந்தாச்சு. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை கடைங்கள்ல ஸ்டூல் போட்டிருக்காங்களா, போட்டாலும் உக்கார விடுதாங்களா, உக்காந்தா சூப்பர்வைசர் என்ன சொல்லுதாரு, இந்த மூணை மட்டும் எடுத்தாலே நல்ல எம்ஏ புராஜெக்ட் ஆகும். ஏன் யாரும் இதை எடுக்கலன்னு எனக்கு இன்னும் புரியல.

ரெண்டாவது படி: ஆர்டிஐ மனு, அதுவும் முதல் வாரத்துலயே

எல்லாரும் இதை கடைசியில செய்வாங்க, சப்மிஷன் வந்துரும், பதில் வந்திருக்காது. 2005ம் வருஷ தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பதில் சொல்ல 30 நாள் டைம் இருக்கு, பதில் வரலன்னா இல்ல அரைகுறையா வந்தா 30 நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுவும் சரியில்லன்னா 90 நாளைக்குள்ள தகவல் ஆணையம். இந்த நாள் கணக்கை பார்த்தா மனுதான் முதல்ல போகணும்னு தெரியும். மாநில அரசு ஆபீசுக்கு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ரிஜிஸ்டர் தபால்ல போடுங்க, ஆன்லைன்லயும் வழி இருக்கு. பிஎஃப், இஎஸ்ஐ மாதிரி மத்திய அரசு ஆபீசுன்னா மத்திய ஆர்டிஐ போர்ட்டல்.

யாருக்கு போடணும்ங்கறதுலதான் பாதிப்பேரு சறுக்குவாங்க. குறைந்தபட்ச கூலி, கடை ஆய்வு, வழக்கு போட்டது இதெல்லாம் தொழிலாளர் உதவி ஆணையர், அமலாக்கம். நலவாரிய கார்டு, கல்வி உதவி, ஓய்வூதியம், இயற்கை மரண நிதி இதெல்லாம் தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்டம். பேரு ஒண்ணு போல இருக்கும், ஆபீஸ் வேற. ஃபாக்டரி விபத்து, லைசென்ஸ்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கடலுக்கு போறவங்க சங்கதி தொழிலாளர் துறையிலயே கிட்டாது, 2007ம் வருஷ சட்டப்படி மீனவர் நலவாரியம் தனியா இருக்கு, மீன்வளத்துறை ஆபீசுக்கு போகணும்.

கேக்கற விதமும் இருக்கு. "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு கேட்டா "தகவல் சட்டத்தின் வரையறைக்குள் வராது"ன்னு ஒரு வரியில திருப்பி அனுப்பிருவாங்க. பதிவேட்டுல இருக்கறதை கேளுங்க. உதாரணமா, இந்த வருஷத்துல இருந்து இந்த வருஷம் வரைக்கும், குமரி மாவட்டத்துல, முந்திரித் தொழில்ல, குறைந்தபட்ச கூலி ஆய்வு எத்தனை நடந்துச்சு, குறைவா குடுத்ததுக்கு எத்தனை கேஸ் போட்டீங்க, எத்தனை முடிஞ்சுது, வருஷ வாரியா தாங்க. பேரு, போன் நம்பர் எதுவும் கேக்காதீங்க, அதை காரணமா வச்சு மொத்தத்தையும் மறுத்துருவாங்க.

மூணாவது படி: சட்டம், எது செத்துது எது உயிரோட இருக்கு

இப்போ இதுலதான் பெரிய குழப்பம். சீனியர் அண்ணன் அக்காங்க தீசிஸ்ல இருந்து சட்டப் பகுதியை அப்படியே காப்பி அடிச்சா மாட்டிக்கிடுவீங்க. ஏன்னா 2019ல ஊதியத் தொகுப்பு, 2020ல மத்த மூணு தொகுப்புன்னு பார்லிமென்ட் பாஸ் பண்ணின நாலு லேபர் கோடும் 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்தாச்சு, 29 பழைய மத்திய சட்டங்க அதுக்குள்ள போயிருச்சு. 1948 குறைந்தபட்ச கூலிச் சட்டம், 1948 ஃபாக்டரீஸ் ஆக்ட், 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், 1972 கிராஜுவிட்டி சட்டம் எல்லாம் அந்த 29ல உண்டு. அதனால உங்க ஆய்வு எந்த காலத்தை பத்தினது, அந்த காலத்துல எந்த சட்டம் ஓடிச்சுன்னு ரெண்டு வரி தெளிவா எழுதிருங்க. பழைய சட்டத்துக்கு கீழ வந்த தீர்ப்பையும் ஆய்வு எண்ணிக்கையையும் தூக்கி எறிய வேண்டாம், எந்த சட்டம்னு குறிச்சா போதும்.

தொகுப்புக்குள்ள போகாத சட்டமும் இருக்கு, அதை நிறையப் பேரு கவனிக்கறதில்ல. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தனியாத்தான் நிக்குது, செங்கல் சூளை பத்தி எழுதினா அது கண்டிப்பா வேணும். வேலை செய்யற இடத்துல பெண்களுக்கு பாலியல் தொல்லை தடுக்கற 2013 சட்டமும் தனி. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல உள்புகார் குழு இருக்கணும், சின்ன இடம்னா மாவட்ட அளவுல உள்ளூர் குழு. அப்புறம் நம்ம மாநிலச் சட்டங்க. நான் ரொம்ப முக்கியமா நினைக்கறது 1981ம் வருஷ நிரந்தரத் தகுதி சட்டம். 24 மாசத்துக்குள்ள 480 நாள் வேலை செஞ்சா அந்த ஆளை நிரந்தரமாக்கணும்னு சொல்லுத சட்டம், அந்த 480 நாள் முடிய விடாம இடையில பிரேக் குடுக்கற பழக்கம் இருக்கான்னு தேடினாலே ஒரு புராஜெக்ட் வந்துரும். 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இன்னொண்ணு, கொத்தனாரு, கையாள், தையல்காரங்க, ஆட்டோக்காரங்கன்னு எல்லாருக்குமான நலவாரியங்களோட வேரு அங்கதான் இருக்கு. ஆப் வழியா டெலிவரி ஓட்டற பசங்களுக்கு 2023ல தனி வாரியமும் அமைச்சாங்க.

சட்டத்தோட மூலம் வேணும்னா இந்தியா கோடுங்கற அரசு தளத்துல ஃப்ரீயா கிட்டும், மாநிலச் சட்டமும் அதுலயே உண்டு. கைடு புக்கை நம்பாதீங்க. குறைந்தபட்ச கூலிக்கு மாநில தொழிலாளர் துறை தளம் இருக்கு, தொழில் வாரியா அரசாணையும் ஒவ்வொரு ஏப்ரல் 1க்கும் மாறுத அகவிலைப்படியும் அங்க போடுவாங்க. அடிப்படைக் கூலி தனி, அகவிலைப்படி தனி, ரெண்டையும் கூட்டினாத்தான் குறைந்தபட்ச கூலி, பலரும் முதல் நம்பரை மட்டும் எடுத்து "சட்டப்படி கூலி கிடைக்குது"ன்னு எழுதிருதாங்க. தமிழ்ல ஒரே இடத்துல மொத்தமும் வேணும்னா சட்டமன்ற மானியக் கோரிக்கையப்போ தொழிலாளர் நலத்துறை வைக்கற கொள்கை விளக்கக் குறிப்பு இருக்கு, வருஷா வருஷம் வரும், பிடிஎஃப்பா இறக்கிக்கலாம். அரசு தன்னை பத்தி தானே சொல்லுத கணக்குதான், அந்த கண்ணோட வாசிக்கணும்.

நாலாவது படி: புள்ளிவிவரம், நம்பர் எடுக்கும் முன்ன வரையறையை படிங்க

வேலைவாய்ப்புக்கு நாட்டுல பெரிய கணக்கு பிஎல்எஃப்எஸ், மத்திய அரசு எடுக்கற தொழிலாளர் சர்வே. 2017ல ஆரம்பிச்சது, 2025 ஜனவரியில இருந்து முறையை மாத்தி மாச வாரியாவும் வெளியிடுதாங்க. ரிப்போர்ட் ஃப்ரீ, மூல டேட்டாவும் ரிஜிஸ்டர் பண்ணினா ஃப்ரீ. ஆனா அதுல "வேலையில இருக்காரு"ங்கறதுக்கு ரெண்டு அளவு உண்டு. ஒண்ணு போன ஒரு வருஷத்தை வச்சு பாக்கறது, இதுல துணை வேலையா 30 நாள் செஞ்சிருந்தாலும் சேத்துக்கிடுவாங்க. இன்னொண்ணு போன ஏழு நாளை வச்சு பாக்கறது, அதுல ஏதாவது ஒரு நாள் ஒரே ஒரு மணி நேரம் வேலை செஞ்சிருந்தாலும் வேலையில இருக்கறவங்கதான். ஆடு வளர்த்துகிட்டு ஆபீஸ் திறக்கற மாசத்துல மட்டும் அண்டி உடைக்கப் போற அம்மா எந்த அளவுல எங்க விழுவாங்கன்னு நீங்களே யோசிச்சு பாருங்க. 2011 சென்சஸ்ல வேற அளவு, ஆறு மாசமும் அதுக்கு மேலயும்னா முதன்மைத் தொழிலாளி, அதுக்கு கீழ குறுந்தொழிலாளி. ஆக ஒரு ரிப்போர்ட் நம்பரையும் இன்னொரு ரிப்போர்ட் நம்பரையும் பக்கத்துல வச்சு "அதிகரித்துள்ளது"ன்னு எழுதினா வைவால கிழிச்சுருவாங்க. பிஎல்எஃப்எஸ்ஸை மாநில அளவுல பயன்படுத்துங்க, நம்ம ஒரு மாவட்டத்துக்கு மட்டும் பிரிச்சா சாம்பிள் ரொம்ப சின்னதாயிரும்.

நம்ம மாவட்டத்துக்குன்னே ஒரு சிக்கலும் உண்டு, வெளியூர் ஆய்வாளர்களும் இதுல விழுந்திருக்காங்க. 2011 சென்சஸ்படி குமரி மாவட்ட மக்கள்தொகை சுமார் 18.7 லட்சம், அதுல 82 சதவீதம் நகர்ப்புறம். கேட்டா சிரிப்பு வரும், ரப்பர் தோட்டமும் வாழைத்தோப்பும் கிடக்கற இடமெல்லாம் நகரமாம். காரணம் பேரூராட்சிங்க, நம்ம ஊர்ல பேரூராட்சி அவ்வளவு இருக்கு, கிராம ஊராட்சி 95தான். அதனால "கிராமப்புறக் கூலி"ன்னு வர்ற எந்த டேபிளை எடுத்தாலும் நம்ம ரப்பர் பால்வெட்டு தொழிலாளி பாதிப்பேரு அதுக்கு வெளிய நிப்பாங்க. நூறு நாள் வேலைக் கணக்கும் இப்படித்தான். மஸ்டர் ரோல்ங்கற வருகைப் பதிவேடு வரைக்கும் ஊராட்சி வாரியா ஆன்லைன்ல திறந்து கிடக்கற அருமையான டேட்டாவாக்கும் அது, ஆனா பேரூராட்சிக்காரங்க அதுல கிடையாது. மாவட்ட கணக்குன்னு போடாம அந்த 95 ஊராட்சி கணக்குன்னு போடுங்க.

பிஎஃப் தளத்துல ஒரு வசதி இருக்கு, லாகின் எதுவும் வேண்டாம். நிறுவனத் தேடல்னு போய் கம்பெனி பேரை போட்டா எந்த மாசம் எவ்வளவு பணம் கட்டினாங்க, எத்தனை பேருக்கு கட்டினாங்கன்னு காட்டும். 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல பிஎஃப், 10 பேருன்னா இஎஸ்ஐ, இஎஸ்ஐக்கு மாசம் 21,000 ரூபா சம்பள வரம்பு. காலையில கேட்டுக்குள்ள போற ஆளையும் பிஎஃப் கட்டின ஆளையும் பக்கத்துல வச்சு பாருங்க, நான் முதல்ல சொன்ன ஒத்துப்போகாத இடம் இதாக்கும். வித்தியாசம் இருந்தா உடனே ஏமாத்துன்னு எழுதிராதீங்க, காண்ட்ராக்டர் பேருல வேற பிஎஃப் கோட் நம்பர்ல கட்டியிருக்கலாம், அதையும் பாத்துட்டு எழுதுங்க. அமைப்புசாரா தொழிலாளர் பதிவு பண்ற இ-ஷ்ரம் தளத்தோட எண்ணிக்கையும் பாக்கலாம், 2021 ஆகஸ்ட்ல தொடங்கினது, ஆனா அது பதிவு பண்ணினவங்க கணக்கு, இன்னைக்கு வேலை செய்யறவங்க கணக்கு இல்ல.

மாவட்ட புள்ளியியல் கையேடு வேணும்னா நாகர்கோவில் புள்ளியியல் ஆபீஸ்ல கேளுங்க. வெளிநாடு போறவங்க பத்தின்னா 2015ல நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு சர்வே இருக்கு.

அஞ்சாவது படி: தீர்ப்பு

இந்தியன் கானூன் தளம் போதும், ஃப்ரீ. தேடும்போது மாவட்டப் பேரை இங்கிலீஷ்ல ஒரு என் போட்டும் ரெண்டு என் போட்டும் தேடுங்க, கோர்ட்டுல ரெண்டு மாதிரியும் அடிச்சிருப்பாங்க, ஒண்ணை மட்டும் போட்டா பாதி கேஸ் தப்பிரும். நம்ம மாவட்ட மேல்முறையீடுங்க 2004 ஜூலைக்கு அப்புறம் ஹைகோர்ட்டோட மதுரைக் கிளை, அதுக்கு முன்ன சென்னை. லேபர் கோர்ட்டு திருநெல்வேலி. சுப்ரீம் கோர்ட் தீர்ப்புங்கள்ல சிலது தமிழ்லயே அவங்க தளத்துல இருக்கு.

கண்டிப்பா முழுசா வாசிக்க வேண்டியது 1982ல வந்த ஏசியாட் தொழிலாளர் வழக்கு, மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் போட்டது. டெல்லி ஏசியன் கேம்ஸ் கட்டட வேலையில கூலி குறைச்ச சங்கதி. குறைந்தபட்ச கூலிக்கு கீழ குடுத்து வேலை வாங்கினா அதுவே அரசியல் சாசனம் 23வது பிரிவு தடுக்கற கட்டாய உழைப்புதான்னு கோர்ட்டு சொல்லிச்சு. பட்டினிங்கறதும் ஒரு கட்டாயம்தான்ங்கற வாதம் அதுல இருக்கு, வாசிச்சா உங்க புராஜெக்ட்டோட குரலே மாறிரும். சட்டத்துல 'தொழில்'னா எதுன்னு சொன்ன 1978 பெங்களூர் வாட்டர் சப்ளை கேஸ், வேலை இடத்து பாலியல் தொல்லை பத்தின 1997 விசாகா கேஸ் ரெண்டும் தலைப்புக்கு தேவைன்னா பாருங்க.

ஏஐகிட்ட கேஸ் பேரு கேட்டு அப்படியே போடாதீங்க. இல்லாத கேஸை வருஷத்தோட நம்பரோட அழகா சொல்லும். ஒவ்வொண்ணையும் தளத்துல தேடி, நீங்க சொல்லுத விஷயம் எந்த பத்தியில இருக்குன்னு பாத்துட்டு போடுங்க.

ஆறாவது படி: 1956க்கு முன்னன்னா திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுங்க

இதைத்தான் மத்த மாவட்டத்துக்காரங்க எழுதின எந்த வழிகாட்டியிலயும் பாக்க முடியாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுல இல்ல. சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்துல போய் 1930கள்ல குமரி தோட்டத் தொழிலாளர்னு தேடினா பெருசா ஒண்ணும் கிட்டாது, ஏன்னா பேப்பரெல்லாம் திருவிதாங்கூர் சர்க்கார் பேப்பர், இருக்கறது திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில கேரள அரசு ஆவணக்காப்பகத்துல. நாகர்கோவில்ல இருந்து காலையில ட்ரெயின் ஏறினா ஆபீஸ் திறக்கற நேரத்துக்கு போயிரலாம். காலேஜ் கடிதம், கைடு கையெழுத்து, அடையாள அட்டை கையில இருக்கணும். பேப்பர் பாதி இங்கிலீஷ், பாதி மலையாளம். விளவங்கோடு பக்கம் பிள்ளைங்களுக்கு அது பெரிய சங்கடம் இல்ல, வீட்டுல மலையாளம் பள்ளிக்கூடத்துல படிச்ச தாத்தா பாட்டி இருந்தா கூட்டிட்டு உக்காந்து வாசிச்சிரலாம்.

அங்க போகறதுக்கு முன்ன வீட்டுலயே இன்டர்நெட் ஆர்க்கைவ்ல 1906 திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல், 1940ல வந்த அடுத்த மேனுவல், 1931 திருவிதாங்கூர் சென்சஸ் பாத்துட்டு போங்க. அடிமை முறையை திருவிதாங்கூர் 1855ல அறிவிப்பு போட்டு ஒழிச்சது, அதுக்கு அப்புறமும் ஊழியம்னு கூலி இல்லாத வேலை ஓடிச்சு, உரிமை வரலாறுன்னு எழுதினா தொடங்கற இடம் அதாத்தான் இருக்கணும், மேதினத்துல தொடங்காதீங்க. நாகர்கோவில் லேஸ் பின்னல் பத்தின்னா லண்டன் மிஷன் பேப்பருங்க லண்டன் சோயாஸ் லைப்ரரியில இருக்கு.

திருவனந்தபுரம் வரைக்கும் போறீங்கன்னா அங்க உள்ளூர்ங்கற இடத்துல வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கு, சிடிஎஸ்னு சொல்லுவாங்க. முந்திரி, தோட்டம், மீன்பிடி, வளைகுடா எதுன்னாலும் வொர்க்கிங் பேப்பருங்க தளத்துலயே ஃப்ரீ. அங்க கேரள முந்திரித் தொழில் பத்தி இருக்கற ஆய்வைப் படிச்சாத்தான் நம்ம பக்கம் அண்டி ஆபீஸ் ஏன் வந்துச்சுங்கற கேள்வியே மனசுல எழும்பும். பழைய தீசிஸ்க்கு சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களை ஏத்தி வைக்கற தளம், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலை தீசிஸ் நிறைய அதுல ஏத்தியிருக்காங்க. அரசு காலேஜ்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு 2025ல இருந்து ஒரே நாடு ஒரே சந்தா வழியா காசு கட்ட வேண்டிய ஜர்னலும் திறந்து கிடக்கு, லைப்ரரியில போய் கேளுங்க. நொய்டாவுல வி.வி.கிரி தேசிய தொழிலாளர் நிறுவனம் தொழிலாளர் ஆவணங்களை டிஜிட்டலா வச்சிருக்கு. தொழிலாளர் பத்தின 1931 ராயல் கமிஷன், 1969லயும் 2002லயும் வந்த தேசிய தொழிலாளர் கமிஷன் ரிப்போர்ட்டுங்களும் தேடினா கிட்டும்.

ஏழாவது படி: ஆளுங்ககிட்ட பேசறது

முதலாளி வழியா போகாதீங்க. மேனேஜர் வரிசையா உக்கார வச்சு குடுக்கற 50 பேரு சொல்லுத பதில் மேனேஜர் பதிலாக்கும். வீட்டுக்கு போங்க, இல்ல ஞாயித்துக்கிழமை கோயிலோ சர்ச்சோ முடிஞ்சு வர்ற நேரம் பாருங்க. பால்வெட்டுக்காரங்க விடியறதுக்கு முன்ன தோட்டத்துக்கு போயிருவாங்க, மத்தியானத்துக்கு மேலதான் பேச நேரம் இருக்கும்.

"மாச வருமானம் எவ்வளவு"ன்னு கேட்டா வர்ற நம்பர் ஒண்ணுக்கும் உதவாது. "நேத்து எத்தனை கிலோ, கிலோவுக்கு எவ்வளவு, போன வாரம் எத்தனை நாள் ஆபீஸ் திறந்துச்சு"ன்னு கேளுங்க. வருஷ வருமானம் கணக்கு போடும்போது நாள் கூலியை 300ஆல பெருக்கவே கூடாது. ரப்பர்ல மழைக்காலத்துல வெட்டு நிக்கும், நமக்கு மழையும் ரெண்டு பருவம், இலை உதிர்ற சமயமும் வெட்டு கிடையாது. கடல்லயும் தடைக்காலம் நம்ம மாவட்டத்துல ரெண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1ல இருந்து ஜூலை 31. மே மாசம் எடுத்த சர்வேயையும் ஜூலையில எடுத்த சர்வேயையும் சேத்து சராசரி போட்டா ஒரு அர்த்தமும் இல்ல.

மீன்பிடியில சம்பளமே இல்ல, பங்கு. டீசல், ஐஸ், சாப்பாடு செலவு கழிச்சு மிச்சத்துல பங்கு. அப்போ தூத்தூர் பக்கத்துல இருந்து ஆழ்கடலுக்கு போற ஆளு தொழிலாளியா, கூட்டாளியா? யாரு முதலாளி, விபத்துன்னா யாரு பொறுப்பு? 2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் இந்த கேள்வி நம்ம கடற்கரையில எல்லார் வீட்டுலயும் வந்துச்சு. மீன்பிடி வேலைக்குன்னே 2007ல சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ 188வது உடன்படிக்கை போட்டுச்சு, இந்தியா அதுக்கு ஒப்புதல் குடுக்கல. எந்த நாடு எதுல சேந்திருக்குன்னு ஐஎல்ஓ தளத்துல நார்ம்லெக்ஸ்னு ஒரு பகுதியில பாக்கலாம். சட்டம் படிக்கிறவங்க இந்த தலைப்பை எடுங்கப்பா, யாராவது.

பேரு எழுதாதீங்க, ஆபீஸ் பேரும் எழுதாதீங்க, "ஆலை அ, ஆலை ஆ"ன்னு போடுங்க. ஊரு சின்னது, வயசும் தெருவும் சொன்னாலே யாருன்னு கண்டுபிடிச்சுருவாங்க, அவங்க வேலை போயிரும். ரெக்கார்ட் பண்ணணும்னா கேட்டுட்டு பண்ணுங்க. பேசும்போது யாராவது தன்னோட பிரச்சனைக்கு வழி கேட்டா நீங்க வக்கீல் ஆகாண்டாம், நாகர்கோவில் கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, இலவச உதவி எண் 15100, அதை எழுதி கையில குடுங்க.

எழுதும்போது

கணக்குங்களை ஒரே டேபிள்ல வையுங்க. சட்டம் சொல்லுதது, ஆர்டிஐ பதில் சொல்லுதது, பிஎஃப் தளம் சொல்லுதது, தொழிலாளி சொல்லுதது, நாலு நெடுவரிசை. அந்த டேபிள்தான் உங்க மூணாவது அத்தியாயம், மத்தது எல்லாம் அதுக்கு விளக்கம். அரசு தளத்துல இருந்து எடுத்த ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்த தேதியோட பிடிஎஃப்பா சேவ் பண்ணிருங்க, லிங்க் மாறிட்டே இருக்கும், வைவா அன்னைக்கு திறந்தா பக்கம் இல்லன்னு வரும். ஆர்டிஐ பதிலை பின்னிணைப்புல வைக்கும்போது ஜெராக்ஸ் வையுங்க, ஒரிஜினல் உங்ககிட்டயே இருக்கட்டும், டிபார்ட்மென்ட்ல குடுத்த பேப்பர் திரும்ப வராது.